வட்டமாகப் போட்ட கையெழுத்து

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால்கூடக் குரல் கொடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள். மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர, என்னைப் பற்றி நாலு வரி எழுதியதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்தது இலங்கையில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் கட்சி எங்களை விடவில்லை. சின்ன நாடு, மேலே ஆட்சி மாறினால் அந்த வாரமே மலை அடிவாரத்து டவுன் வரைக்கும் தெரியும். பஸ் டிப்போவில் ஆள் மாறும், கூப்பனுக்கு அரிசி போடுகிற கடையில் ஆள் மாறும். ஒரு தேர்தல் முடிந்ததும் அரசாங்க மருந்துச் சாலையில் மருந்து கொடுப்பவரை மாற்றினார்கள். தோற்ற கட்சியின் கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்தாராம். புது ஆள் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை கதவில் பூட்டு. அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா அவனை முதுகில் கட்டிக்கொண்டு மலை இறங்கிப் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தம்பி பிழைத்தான், ஆனால் ஒரு காது போயிற்று. அப்பா ஜெயித்த கட்சிக்காரரின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உனக்கு ஓட்டு இருக்கா?" என்று அவர் கேட்டாராம்.

"இல்லீங்க."

"அப்புறம் நான் ஏன் உனக்குப் பதில் சொல்லணும்?"

அப்பா இதை வீட்டில் வந்து கோபமில்லாமல்தான் சொன்னார். அவருக்கே அது நியாயமாகப் பட்டதோ என்னவோ. எனக்குப் படவில்லை.

பிறகு இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி எங்களைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் போகிற வழியில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நாற்பத்தாறு வீடுகள். பாதிப் பேர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் ராயபுரம் பக்கம் குடிசை எரிந்து இங்கே வந்தவர்கள். நான் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். இங்கே எனக்கு ஓட்டுக் கிடைத்தது. முதல் தடவை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரலில் வைத்த மை போய்விடக் கூடாது என்று அந்த ஒரு விரலைத் தூக்கிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

எங்களுக்குக் குழாய் இல்லை. தண்ணீருக்கு ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். கூட்ஸ் வண்டி வந்து நின்றால் அரை மணி நேரம் நகராது. நாங்கள் குடத்தை முதலில் உருட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போவோம். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, அடியில் இருக்கும்போது வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. அவள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். வண்டி அதற்குமேல் நகரவில்லை. முட்டி இரண்டும் கிழிந்து, குடமில்லாமல் வந்தாள். அன்றைக்கு இரவு சமைக்கும்போது முடிவு செய்தேன். இனி குழாய் வந்தாக வேண்டும்.

குழாய் கேட்டு மனு போகாமல் இல்லை. இரண்டு போயிருந்தன. குடியிருப்பின் ஒரு முனையில் ஆளுங்கட்சிக் கொடிக்கம்பம், மறு முனையில் எதிர்க்கட்சிக் கொடிக்கம்பம். ஆளுங்கட்சிக்குக் கிளைச் செயலாளர் ஒரு இரும்புப் பட்டறைக்காரர். எதிர்க்கட்சிக்கு ஒரு சைக்கிள் கடைக்காரர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள். இவர் கம்பத்தை ஒரு முழம் உயர்த்தினால், அவர் மறுநாளே மூங்கில் வாங்கக் கிளம்பிவிடுவார். ஆளுக்கொரு மனு அனுப்பினார்கள். நகராட்சி அலுவலகத்திலிருந்து இருவருக்கும் ஒரே பதில் வந்தது: இதே பொருள் குறித்து வேறொரு மனு பரிசீலனையில் உள்ளது.

இந்தத் தடவை ஒரே மனுவாக நான் எழுதினேன். பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன்.

"மொத கையெழுத்து என்துதான?" என்றார்.

சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். "அவன் பேருக்குக் கீய நான் போடணுமா? வேற ஆளப் பாரும்மா. நாளைக்குக் குயா வந்தா, செவுத்துல அவன் பேரதான் எய்துவான்."

ஒரு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் மனுவோடு சேர்க்க வேண்டிய ஒரு தாளின் மேல் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். அந்த வட்டத்தைச் சுற்றி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். யார் பெயரும் மேலே இல்லை, யார் பெயரும் கீழே இல்லை.

"இன்னாக்கா இது, மனுவா கோலமா?" என்றார் பட்டறைக்காரர். தாளை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு ஒருவர் மேலே வந்தார். சிரித்துவிட்டு, போட்டார். சகலையும் போட்டார். நாற்பத்தாறு வீடும் போட்டது. கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. எனக்கு ஒரே பெருமை. இதைவிடப் புத்திசாலித்தனம் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். சகலைகள் இருவரும் வந்தார்கள். எனக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார். என்னோடு ஒரே கப்பலில் வந்தவர். அலுவலகத்தில் குமாஸ்தா தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, ராட்டினமா? இதுல முதல் பேர் யாரு?"

"எல்லாரும் முதல்தான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பதில் யாருக்குப் போடறது?"

"எல்லாருக்கும்..."

"நாப்பத்தாறு கவர் நீ வாங்கித் தரியா? முதல் மனுதாரர்னு ஒருத்தர் வேணும்மா. விசாரணைன்னா அவர்தான் வந்து அதிகாரி முன்னால நிக்கணும். எழுதினது பொய்யின்னா அவரைத்தான் கேப்பாங்க."

நான் பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவர் சகலையைப் பார்த்தார்.

"சகல, நீயே போடு. நான் ஆளுங்கட்சி. எங்க ஆட்சி மேல நானே மொத ஆளா மனு குட்த்தா, மேல கீறவங்க என் தோல உரிச்சிடுவாங்க."

"அட, இன்னா நைனா நீ! என் பேரு மேல இருந்தா இந்தக் காயிதம் இன்னிக்கே போண்டா மடிக்கப் பூடும். ஆட்சி உன்துதான கீது? நீ போடு."

"நீ போடு."

"ஸொம்மா இரு, நீ போடு."

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இத்தன நாளா நான் முன்னுக்கு, நீ முன்னுக்குன்னு அடிச்சிக்கிட்டீங்களே. இப்ப என்ன ரெண்டு பேரும் பின்னுக்கே போறீங்க?"

குமாஸ்தா தாளை எங்கள் பக்கம் தள்ளினார். நான் செய்த தப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் மேலே வராதபடி செய்ததில், யாரும் பதில் சொல்லத் தேவையில்லாதபடியும் செய்துவைத்திருந்தேன். அவரிடம் பேனாவைக் கேட்டேன். இடம் நடுவில்தான் இருந்தது. வட்டத்துக்குள்ளே 'முதல் மனுதாரர்' என்று எழுதி, என் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினேன். முதல் தடவை எழுத்துக் கோணலாக விழுந்தது. திரும்ப ஒருமுறை தெளிவாக எழுதினேன்.

"சரி, போங்க. பாக்கலாம்" என்று தாளைத் தட்டில் போட்டார்.

"நம்பர் போட்டுக் குடுங்க சார்."

"அதெல்லாம் அப்புறம்."

"முத்திரை குத்தி நம்பர் குடுத்தா போயிடறேன் சார்."

அவர் சாப்பாட்டுக்கு எழுந்து போனார். சகலைகள் டீ குடிக்க வெளியே போனார்கள். நான் குமாஸ்தாவின் ஜன்னல் முன்னால் நின்றேன். அக்கா பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பட்டதால் உட்காரவில்லை. குமாஸ்தா ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது நான் அதே இடத்தில் இருந்தேன்.

"இன்னுமா நிக்கற? எந்தக் கட்சிம்மா நீ?"

"நான் முதல் மனுதாரர் சார்."

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். அவர் தட்டிலிருந்து தாளை எடுத்தார். பிறகு மை ஒற்றி முத்திரை குத்தி, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

வெளியே சகலைகள் டீக்கடையில் உட்கார்ந்து, குழாய் எந்த முனையில் வர வேண்டும் என்று அதற்குள் சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். அக்கா இரண்டு பேரையும் தாண்டி நடந்து போய் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டார். நானும் போனேன்.

குழாய் அடுத்த கோடைக்கு முன்னால் வந்தது. குடியிருப்பின் நடுவில் போட்டார்கள். அதுவரை அந்த அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று நினைவில்லை. போகப் போகப் பயம் குறைந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் குறையவில்லை. பயத்தோடேயே போகப் பழகிவிட்டது.

மனுக் கொடுத்த மறுநாள் வழக்கம்போலக் கூட்ஸ் வண்டிக்கு அடியில் நுழைந்து இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்தேன். கம்பெனிக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அலுவலகத்தில் அந்த ஜன்னலுக்குப் போய்க் குமாஸ்தாவிடம் எண்ணைச் சொல்லி, என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நேத்துதானேம்மா குடுத்த?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். ஒன்றும் ஆகவில்லை என்றார். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.