இருட்டில் மின்னாத வாட்ச்

இது கதை இல்லை. கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க நேரமும் இல்லை. என் அண்ணனின் வலது கையை வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அண்ணனும் நானும் பழைய வாட்ச் வாங்கி விற்கிறோம். கடை அவன் பெயரில். கண் என்னுடையது. வருகிற வாட்ச் அசலா போலியா, உள்ளே எதையாவது மாற்றியிருக்கிறார்களா, என்ன கொடுத்தால் நியாயம் என்று சொல்வது நான்தான். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்மூடியைத் திறந்து பார்ப்பேன். முகப்பை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கடைசியாக, கடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்ப்பேன். அது முடிகிறவரை “ஒரிஜினல்” என்ற சொல் என் வாயிலிருந்து வராது.

இருட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து வாட்ச்களில் முள்ளுக்கும் எண்ணுக்கும் இருட்டில் ஒளிரும் பூச்சு பூசியிருப்பார்கள். முப்பது வருடத்தில் அந்தப் பூச்சு செத்துப்போகும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒளி நிற்காது. பளிச்சென்று மின்னினால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வயது வாட்ச் மின்னாமல் கிடப்பதுதான் நல்ல அடையாளம். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

அன்றைக்குப் பல் டாக்டரிடம் போய்விட்டு சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் கடைக்கு வந்தேன். ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போயிருந்தது. அண்ணன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான்.

“இதப் பாரு. மதியம் ஒரு அம்மா வந்து வித்துட்டுப் போச்சு. புருஷன் போய் மூணு மாசமாம்.”

கையில் வாங்கிப் பார்த்தேன். ஏசி காற்று நேராக அடிக்கிற மேஜையில் மதியத்திலிருந்து கிடந்த வாட்ச். ஆனால் இளஞ்சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது போல. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்மூடியின் விளிம்பில் ஆறு வெட்டுகள், திறக்கிற கருவியை மாட்டுவதற்காக. நான்காவது வெட்டின் பக்கத்தில் எந்தக் காலத்திலோ எவனோ கருவியை வழுக்கவிட்டு இழுத்த கீறல், கொக்கி மாதிரி வளைந்திருந்தது. திறந்தேன். எந்திரம் அசல். எண்கள் பொருந்தின. ஸ்பிரிங் அறுந்து கிடந்ததால் ஓட வழியில்லை. இடது கையில் கட்டுகிறவர்களுக்குச் சாவி கொடுக்கும் திருகு இருக்கிற பக்கம்தான் கதவிலும் மேஜையிலும் இடிபடும். இதில் எதிர்ப்பக்கம் தேய்ந்திருந்தது. வலது கையில் கட்டிய மனிதர் என்று புரிந்தது.

“எவ்வளவு கொடுத்த?”

சொன்னான். அதற்கு ஒரு பழைய மிக்ஸி வாங்கலாம். அந்த வாட்ச்சின் நியாய விலைக்கு ஒரு கார் வாங்கலாம்.

“எப்படிக் கொடுத்தாங்க இந்த விலைக்கு?”

சிரித்தான். “ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் லைட்ட ஆஃப் பண்ணினேன். ஒரிஜினல்னா மின்னும், இது மின்னல பாருங்க, டூப்ளிகேட்டுன்னேன். அந்தம்மா நம்பிடுச்சு.”

எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அசல் என்பதற்கான சாட்சியையே காட்டிப் போலி என்று சொல்லியிருக்கிறான். என் ஸ்டோர் ரூமில், என் சோதனையை வைத்து.

“ஒண்ணும் சொல்லலயா அவங்க?”

“என்னமோ சொல்லிச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அந்தாளு ராப்பகலா ஓவர்டைம் பார்த்து வாங்கினதாம். ‘என்கிட்ட ஒரிஜினலா இருக்கறது ரெண்டே ரெண்டு, இந்த வாட்ச்சும் நீயும்’னு சொல்லிட்டே இருப்பாராம். ‘அப்ப அதுவும் பொய்யா’ன்னு முனகிட்டே போயிடுச்சு.”

“நீயெல்லாம் ஒரு மனுஷனா? காச விடு. செத்தவர பொய்யனாக்கி அனுப்பியிருக்க.”

“இதெல்லாம் பாத்தா பொழைக்க முடியாது. காலைல ஷோகேஸ்ல வை.”

கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டான். கூடப் பிறந்தவனாக இல்லாவிட்டால் அந்த லென்ஸாலேயே மண்டையில் போட்டிருப்பேன்.

விடிந்ததும் வாட்ச்சை அந்த அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் வழக்கம் வழக்கம்தான். இருட்டில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். போனை மேஜையில் வைக்கும்போது மணி ஆறே முக்கால்.

ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. கதவின் அடியில் கூட ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். ஒரு பொட்டு வெளிச்சம் வராது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். முகப்பில் டார்ச் அடித்தேன். அணைத்தேன்.

உள்ளங்கையில் இருட்டுதான். மின்னவில்லை. சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

டிக்.

ஸ்பிரிங் அறுந்த வாட்ச்...

டிக்... டிக்...

சத்தம் என் கையிலிருந்து வரவில்லை. எதிரிலிருந்து வந்தது.

நிமிர்ந்தேன். சாத்திய கதவுக்கு முன்னால், இடுப்பு உயரத்தில், பச்சையாக ஒரு வட்டம். எண்கள் தெரிந்தன. இரண்டு முட்களும் தெரிந்தன.

அது என் இடது பக்கமாக இருந்தது. எனக்கு எதிரே ஒருவர் நின்றால் அவருடைய வலது கை இருக்கும் இடம்.

வட்டம் லேசாக முன்னும் பின்னும் ஆடியது... நடந்து வருகிறவரின் கை போல.

என் விரல்களை மடக்கினேன். உள்ளங்கை காலி.

பின்வாங்கினேன். பின்னால் அலமாரி. நகர இடமில்லை.

டிக்... டிக்...

ஓரடி. இன்னும் ஓரடி.

வட்டம் மேலே எழுந்தது. கையை உயர்த்தி மணி காட்டுவது போல, என் முகத்துக்கு நேராக.

மூச்சுச் சத்தம். என்னுடையது இல்லை.

கோபமான மூச்சு. முக்கால் மணி நேரமாக நானும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

அதுதான் எனக்கு வாயைக் கொடுத்தது.

“என்கிட்ட ஏன் வர்றீங்க? அப்படிச் சொன்னது நான் இல்ல.”

டிக்...

“ஒரிஜினல்.”

சத்தம் நின்றது.

“ஒரிஜினல்தான். நான் சொல்றேன்.”

பச்சை அணைந்தது. என் உள்ளங்கையில் கனம் வந்து உட்கார்ந்தது.

சூடாக.

மறுநாள் காலையில் கடைக்குப் போகாமல், ரசீதில் இருந்த முகவரியை வைத்து நேராக அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டே அறைகள். கதவைத் திறந்ததுமே ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வாட்ச் அசல். அண்ணன் சொன்னது பொய். நியாய விலை இவ்வளவு. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“நேத்து சாயந்தரம் அவர் போட்டோவ சுவத்துல இருந்து கழட்டிட்டேம்மா. முப்பது வருஷமா என்கிட்ட பொய் சொன்னியான்னு கேட்டேன்.”

“எத்தனை மணிக்கு?”

“ஏழு அடிக்கக் கால் மணி இருக்கும். ஏன்மா?”

அதை விட்டுவிட்டு வேறு கேட்டேன். “வாட்ச்ச வலது கைல கட்டுவாரா?”

“இடதுகைக்காரர்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வாட்ச்ச பாத்தாலே தெரியும்க்கா.”

அவர் வாட்ச்சைத் தன் கையில் கட்டிக்கொண்டார். வளையல் மாதிரித் தொங்கியது. இப்போதைக்கு விற்க மனசில்லை என்றார். போட்டோவை ஆணியில் மாட்டும்போது அழுதார். அண்ணன் கொடுத்த காசை நீட்டினார். அதை நான் தொடவில்லை.

கடைக்குத் திரும்பினால் அண்ணன் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் ஈரத் துண்டு.

“நேத்து வீட்டுக்குப் போறப்ப, சிக்னல்ல நிக்கிறேன். யாரோ இங்க இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. வீட்ல போய்ப் பாத்தா இது.”

துண்டை எடுத்தான். மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த பட்டை. முடி தேய்ந்து, தோல் பள்ளமாகியிருந்தது. பிறந்ததிலிருந்து அவன் வாட்ச் கட்டுவது இடது கையில்தான்.

“தோல் டாக்டர்கிட்ட போயிட்டுதான் வர்றேன். அந்தாளு சிரிக்கிறான். ‘வாட்ச் கட்டின தடம் சார், முப்பது வருஷமாச்சும் கட்டியிருப்பீங்க, எப்பக் கழட்டினீங்க’ன்னு கேக்கறான். நீயாவது பாத்துச் சொல்லு.”

தொழில் புத்தி. லென்ஸை எடுத்துவிட்டேன். பட்டைக்கு நடுவில், மணிக்கட்டின் மேல், ஒரு வட்டம். விளிம்பில் ஆறு வெட்டுகள். நான்காவதன் பக்கத்தில் கொக்கி மாதிரி ஒரு கீறல்... முத்திரை குத்தினால் விழுவது போல இடவலம் மாறி.

அவன் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன். மின்னவில்லை.

“என்னதான் அது? சொல்லித் தொலை.”

“ஒரிஜினல்” என்றேன்.