ஞாயிற்றுக்கிழமை பீஸ்

"கசக்கப்படாது. கசக்குனாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிளாஸ்டிக் பேசினுக்குள் கிடக்கும் கூந்தலை இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்ல அமுக்குகிறார் சாமியப்பன். ஷாம்பூவை நேராக அதன்மேல் ஊற்றுகிற ஆள் இல்லை அவர். முதலில் அதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், பிறகுதான் கூந்தல் இறங்கும். தண்ணீரும் போர் குழாயில் வருகிற உப்புத் தண்ணீர் அல்ல. குடிப்பதற்குப் பிடித்து வைத்த ஆற்றுத் தண்ணீர். "உப்புத் தண்ணி பட்டா மொடமொடன்னு ஆயிருமுங்க" என்பார். குடிக்கிற தண்ணீரை இப்படிச் செலவழிக்கலாமா என்று கேட்க யாரும் இல்லை. வாசல் கதவு தாழ்போட்டிருக்கிறது.

கூந்தல் அவர் மனைவி சாரதாமணியுடையது. கடையில் வாங்கிய விக். எட்டணா அகலத்தில் புழுவெட்டு என்று ஆரம்பித்தது, எந்த மருந்துக்கும் அடங்காமல் முழுத் தலையையும் வழித்துவிட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. 'டோப்பா' என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இடமில்லை. திருப்பூர் கம்பெனிகளில் கைக்கு வருகிற துணி எல்லாமே பீஸ்தானே, இதுவும் பீஸ். "ஏனுங்க, பீஸ் காஞ்சுதுங்களா?" என்று சாரதாமணி உள்ளறையிலிருந்து கேட்டால், லைன் வீட்டின் அடுத்த கதவுக்காரி செல்லத்தாய், "என்னண்ணே, ஞாயித்துக்கெழமயும் கம்பெனி வேலைய வீட்டுக்குக் கொண்டாந்துட்டியளா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பரிதாபப்படுவாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில்தான் சாரதாமணியின் உயிரே இருக்கிறது.

சாமியப்பன் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வலது கையில் முழங்கை வரை சின்னச் சின்ன சூட்டுத் தழும்புகள். துணியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சட்டை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, காட்டனா கலப்படமா என்று கண்டுபிடிப்பார். இதுவரை அடி வாங்காமல் இருப்பது முருகன் புண்ணியம். எழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற கையோடு எதிராளியின் காலரையும் இழுத்து நேராக்கிவிட்டுத்தான் வருவார். இன்னொரு பழக்கமும் உண்டு. தேய்த்த பீஸை மடிக்கும் முன் அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "ஆறாத பீஸைக் கவருக்குள்ள போட்டா உள்ளயே வேர்த்துப்போயிருமுங்க." உள்ளங்கை எப்போதோ காய்த்துவிட்டது. சூடும் குளிர்ச்சியும் அவருக்குப் புறங்கை சொன்னால்தான் உண்டு.

இந்த விக்கை வாங்க இருவரும் கோயம்புத்தூர் போனபோது, கடைக்காரர் விலை சொல்லி முடிப்பதற்குள் ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியைக் காட்டிவிட்டார். கடைக்காரர் அலறினார். நிஜ முடி மாதிரி அது பொசுங்கி நாறவில்லை. உருகிக் கடுகு மாதிரி திரண்டு நின்றது. "பாலியெஸ்டர் குடும்பமுங்க. பரவால்ல, இதையே குடுங்க" என்றார் சாமியப்பன். பல மாதத்துக்குப் பிறகு சாரதாமணி அன்றைக்குத்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அலசியதைப் பிழியமாட்டார். பனியன் துணி வேஸ்டில் சுற்றி, குழந்தையைத் துவட்டுகிற மாதிரி ஒற்றி எடுத்து, கவிழ்த்து வைத்த சொம்பின்மேல் போடுவார். வெயில் ஆகாது, நிழல்தான். காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே ஏறுவார். எல்லாம் சரி, ஆனால் முடியைக் குளிப்பாட்டுகிற மனுஷனுக்கு இன்றுவரை தலையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. உள்ளறைக் கதவு ஒரு சாண் திறக்கும், சாரதாமணியின் கை மட்டும் விக்கோடு வெளியே வரும். பிறகு தலையில் துணியைக் கட்டிக்கொண்டுதான் அவள் வருவாள். தூங்கும்போதும் அந்தத் துணி அவிழாது. சாமியப்பன் ஒருநாளும் கேட்டதில்லை.

நாளைக்கு அவள் தம்பி அருள்செல்வனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா தம்பியோடு நின்று செய்ய வேண்டிய இணைச்சீர் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஒரு விசேஷத்துக்கும் போகாத சாரதாமணியிடம், "நீ நிக்காட்டி நான் மணவறையில ஏறமாட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டான் தம்பி. அவளும் சரி என்றுவிட்டாள். அதனால்தான் இன்றைக்கு இத்தனை கவனம்.

சொம்பின்மேல் காய்ந்த கூந்தல் பளபளவென்று இருக்கிறது. தோளில் உரசி உரசி நுனி மட்டும் கொஞ்சம் சிலிர்த்து நிற்கிறது. நாளைக்கு வீடியோ எடுப்பார்களே என்று சாமியப்பனுக்கு மனசு ஆறவில்லை. பாலியெஸ்டர் டி-சர்ட்டுக்குத் தினமும் ஸ்டீம் காட்டுகிற கை. அயர்ன் பாக்ஸை எடுத்தார். ஒரே ஒரு ஊது, அவ்வளவுதான்.

நுனி முழுக்கத் தீயில் வாட்டிய கோழி இறகாகச் சுருண்டுபோயிற்று. யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இன்றைக்கா சறுக்க வேண்டும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளறைக் கதவருகே போய்த் தொண்டையைச் செருமுகிறார். "சாரதா… பீஸ் டேமேஜ் ஆயிப்போச்சு கண்ணு. நான்தான் ஸ்டீம் காட்டிப்போட்டேன்."

அழுகிறாளோ என்று கதவில் காதை வைக்கிறார்.

"எவ்வளவு போச்சுங்க?"

"அடியில நாலு விரக்கடை."

"வெட்டிப்போட்டாச் சரியாயிருமுங்களா?"

"ஆயிரும். சொம்புல வெச்சு வெட்டுனாக் கோணிக்கும். தலையில வெச்சு அளவு பாக்…" பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "நீ துணியைக் கட்டிட்டே வா கண்ணு. அது மேலயே வெச்சுப் பாக்கறேன்."

"துணி மேல வெச்சா ஏறி நிக்குமுங்க. நாளைக்கு மணவறையில அளவு தப்பிப்போகும்."

நூல் வெட்டுகிற டிரிம்மரைக் கையில் வைத்துக்கொண்டு சாமியப்பன் காத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லத்தாயின் மிக்ஸி ஓடி நிற்கிறது. கதவு இந்தத் தடவை ஒரு சாணோடு நிற்காமல் முழுசாகத் திறக்கிறது.

துணி இல்லாமல் வருகிறாள் சாரதாமணி. அவர் முகத்தைப் பார்க்காமல் வந்து, முக்காலியில் முதுகைக் காட்டி உட்காருகிறாள்.

"முழிச்சுட்டு நிக்காதீங்க. நாளைக்கு எந்தம்பி பக்கத்துல நான் நிக்கோணும். இன்னைக்கு நீங்க பாக்காட்டி, நாளைக்கு ஊரே பாத்துரும்."

சாமியப்பன் விக்கைத் திரும்பவும் சொம்பின்மேல் வைக்கிறார். டிரிம்மரைக் கீழே வைக்கிறார். கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, புறங்கையை மெல்ல அவள் தலைமேல் வைத்து, எடுக்காமல் அப்படியே நிற்கிறார்.