அம்மா நடக்கக்கூடாத பயணம்

என் அம்மாவுக்கு இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவமடுவில் எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியது அவர்தான். நெல் மூட்டையைச் சைக்கிள் கரியரில் ஏற்றி மில்லுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் அவர்தான். பக்கத்து வளவு மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தால் அதைப் பிரதான வீதிவரை துரத்திவிட்டுத்தான் திரும்புவார். அப்படிப்பட்டவரைச் சக்கர நாற்காலியில் இருத்தி கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

யோசனை மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான்கு தடவை போனவர். நான்கு தடவையும் யாரையாவது ஏற்றிவிட்டுத் திரும்பியவர். ஆனாலும் விமானப் பயணம் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

அப்பா கனடாவில் இருந்தார். என் தம்பி அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது புறப்பட்டவர். பிறகு ஊரைவிட்டு வெளியேறும் பாதை பூட்டி, யுத்தம் வந்து, நாங்கள் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊர் திரும்பி, அதற்கும் பிறகு பல வருடங்கள் படிவங்களும் மருத்துவப் பரிசோதனைகளுமாக இழுபட்டுத்தான் எங்களுக்கு விசா வந்தது. தம்பிக்கு எட்டு வயது ஆகிவிட்டது. விசா வந்த அன்று அம்மா சந்தோஷப்பட்டதைவிடப் பயப்பட்டதுதான் அதிகம். வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் வழி தவறி, ஏதாவது தவறான வாசலில் இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிட்டால் யாரை எந்தப் பாஷையில் கேட்பது?

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார் மாமா. "ரிக்கற்றிலை வீல்செயர் எண்டு போட்டால் சரி. அவையே தள்ளிக்கொண்டு போய் அடுத்த பிளேனிலை ஏத்தி விடுவினம். இங்கிலீசு தெரியாத சனமெல்லாம் உப்பிடித்தான் போகுது."

"உனக்கென்ன விசரே? கால் ரெண்டும் இருக்கிறவள் அதிலை இருக்கிறதோ? எங்கடை றோட்டிலையே எத்தினை பேருக்கு அது உண்மையாத் தேவைப்படுது."

"அது இஞ்சை. எயார்ப்போட்டிலை அது ஒரு பஸ் மாதிரி."

அம்மா அரை மனதோடு சம்மதித்தார். மாமா அன்று பின்னேரமே ஒத்திகையைத் தொடங்கிவிட்டார். முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் போட்டு, அம்மாவை அதில் இருத்தி, பின்னாலிருந்து இழுத்தார். அம்மா ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. காயப்போட்டிருந்த நெல்லுக்குக் கோழி வந்ததும் எழும்பி ஓடிவிட்டார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தவள், வலய மட்டத்தில் ஆங்கிலக் கவிதை சொல்லிப் பரிசு வாங்கியவள் என்ற வகையில் எனக்கு ஒரு பாரிய மரியாதை இருந்தது. அந்தக் கணத்தில் நான் பயணத்தின் தலைவியாக்கப்பட்டேன்.

"பிள்ளை, கொம்மாவை எழும்ப விடாதை. நடக்கிறதை ஆராவது கண்டால் பொய் சொன்னதெண்டு திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

இந்தக் கடைசி வசனத்தை மாமா சும்மா சொல்லியிருப்பார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். என் தாயால் அதிக தூரம் நடக்க முடியாது, தயவுசெய்து உதவுங்கள் என்று மாமா ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதித் தந்தார். அதிலிருந்த ஒரு பிழையைத் திருத்தி மனப்பாடமாக்கினேன். கொழும்புக்கு வான் வண்டியில் போகும்போது புளியங்குளத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். அம்மா குதித்து இறங்கினார். "அம்மா, இப்பவே பழகுங்கோ" என்று நான் அதட்டினேன். மாமா பெருமையாகச் சிரித்தார்.

கட்டுநாயக்கவில் எல்லாம் மாமா சொன்னபடியே நடந்தது. அம்மா நாற்காலியில் இருந்ததும் வரிசைகள் விலகின. நான் என் வசனத்தைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னேன். ஒரேயொரு சிக்கல்தான் இருந்தது. ஏற்றமான இடத்தில் தள்ளுகிறவர் மூச்சு வாங்கினால் அம்மாவுக்குப் பாவமாக இருந்தது. சேலைக்குள்ளால் காலை நிலத்தில் ஊன்றி, அவருக்கு உதவியாகத் தானும் உந்தினார். நான் பக்கத்தில் நடந்தபடி அம்மாவின் தோளில் கிள்ளினேன். வளைகுடாவிலும் அதே உதவி, அதே கிள்ளு. அடுத்த விமானத்தில் எங்களை எல்லோருக்கும் முன்னால் ஏற்றி, மூன்று இருக்கைகளில் இருத்திவிட்டுப் போனார்கள். தம்பி யன்னலோரம், அம்மா நடுவில், நான் காவலுக்கு ஓரத்தில்.

பதினாலு மணித்தியாலம் என்று சொன்னார்கள். அந்த நேரத்தில் வெற்றி என் கையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

தம்பி முதல் மணித்தியாலத்தில் பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானைக் கண்டுபிடித்தான். இரண்டாம் மணித்தியாலத்தில் அவன் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்ற நிலை வந்தது. மூன்றாம் மணித்தியாலத்தில் முன்னால் இருந்தவரின் இருக்கையைக் காலால் உதைத்து, அவர் திரும்பிப் பார்த்ததும் நித்திரை போல நடித்தான். நடிப்பு எங்கள் குடும்பத்துக்கு அப்போது கைவந்திருந்தது. எப்போது இறங்குவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவனைத் திரையில் தெரிந்த சிறிய விமானப் படத்தைக் காட்டி அடக்கினேன். அது அசையவேயில்லை என்று அவன் அழத் தொடங்கினான். அம்மா கைப்பையிலிருந்து பருத்தித்துறை வடையை எடுத்து அவன் வாய்க்குள் வைத்தார். ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு வடை என்று கணக்குப் பார்த்தால் பாதி வழிக்கே காணாது என்று எனக்கு விளங்கியது. அதனால் நான் பார்த்துக்கொண்டிருந்த சினிமாவை நிறுத்திவிட்டு அவனுக்குக் கதை சொன்னேன். நல்ல தலைவி இதெல்லாம் செய்யத்தான் வேண்டும்.

சாப்பாடு வந்தது. அம்மா சாப்பிட்டார், தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. குடித்தால் போகவேண்டி வரும் என்றார். அதைக் கேட்டு நான் அவரைப் பாராட்டினேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னை அடிக்கவேண்டும் போலிருக்கிறது. பணிப்பெண் ஒருவர் இரண்டு தடவை வந்து, மலகூடத்துக்குப் போவதற்கு ஒடுங்கிய நாற்காலி ஒன்று இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அத்தனை சனத்துக்கு முன்னால் தன்னை அங்கே தள்ளிக்கொண்டு போவதை அம்மாவால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஏழாம் மணித்தியாலம் அளவில் அம்மா என் காதுக்குள் சொன்னார். "பிள்ளை, எல்லாரும் படுத்திட்டினம். நான் மெல்லப் போட்டு வாறன்."

"வேண்டாம் அம்மா. சாப்பாடு தந்த அக்கா முழிச்சிருக்கிறா. கண்டால் அங்கை சொல்லிப்போடுவா."

"அடக்கேலாமல் கிடக்கு."

"இன்னும் கொஞ்ச நேரந்தானே?"

கொஞ்ச நேரம் என்பது ஏழு மணித்தியாலம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். யாருக்கும் அடங்கிப் பழகாத என் அம்மா என் சொல்லுக்கு அடங்கினார். அப்பாவிடம் போய்ச் சேர்வது அந்த அளவுக்கு அவருக்கு முக்கியமாக இருந்தது. எனக்கோ திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், என் திறமையில் பெருமை மறுபக்கம். அவர் செருப்பைக் கழற்றியிருந்தார். கால்கள் இரண்டும் வீங்கி, விரல்கள் மினுமினுத்தன. அதைக் கண்டும் நான் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

என் கண் எப்போது அயர்ந்தது என்று தெரியாது. ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். தம்பியின் குரல். அவன் எங்கள் கால்களுக்கு மேலால் ஏறித் தனியாக மலகூடத்துக்குப் போயிருக்கிறான். அங்கே பொத்தானை அமத்தியதும் அது இரைந்த இரைச்சலில் வெருண்டு, கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளே நின்று "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நான் எழும்ப முன்னமே அம்மா என்னைத் தாண்டிவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, இருட்டிய நடைபாதையில் ஓடினார். மாடு கலைக்கிற அதே ஓட்டம். படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கதவை இரண்டு கையாலும் அடித்தார். பணிப்பெண் வந்து வெளியிலிருந்து ஏதோ கொழுக்கியை நகர்த்தினார். கதவு மடிந்து திறந்தது. தம்பி கண்ணீரும் மூக்குமாக வெளியே வந்தான். அம்மா அவனை இழுத்து அணைத்தார், முதுகில் ஒன்று போட்டார், பிறகு என் கையில் ஒப்படைத்துவிட்டு, வந்ததுதான் வந்தேன் என்பதுபோலத் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் வரவில்லை.

நான் தம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். எல்லாம் முடிந்தது. இந்த விமானமே எங்களைத் திருப்பிக் கொண்டுபோய்விடும். அப்பாவை இனிக் காணப்போவதில்லை, அதற்குக் காரணம் நான். மனப்பாடம் செய்த வசனத்தை இந்த நிலைமைக்கு எப்படித் திருத்துவது என்று யோசித்து, என் தாயால் அதிக தூரம் நடக்க முடியாது, ஆனால் கொஞ்ச தூரம் ஓட முடியும் என்று பணிப்பெண்ணிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒவ்வொரு பயணத்திலும் இப்படி ஏழெட்டு அம்மாமார் வருகிறார்கள், தன் சொந்த அம்மாவையும் தான் இப்படித்தான் அனுப்புவது வழக்கம், பயப்படாதே என்றார். என் உயிர் திரும்பி வந்தது. கூடவே, மாமாவின் மகத்தான தந்திரம் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று என்பதில் ஒரு சின்ன ஏமாற்றமும் வந்தது.

மிச்ச நேரம் அம்மா வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தார், வேண்டிய மட்டும் நடந்தார். தம்பி அவர் மடியில் நித்திரையானான்.

ரொறன்ரோவில் இறங்கியதும் வாசலில் நாற்காலியோடு ஒரு பெண்மணி நின்றார். அம்மா தயங்கினார்.

"நான் நடந்து வாறன் பிள்ளை. கொப்பருக்கு முன்னாலை உதிலை போகமாட்டன். அவருக்கு உந்தக் கூத்தொண்டும் தெரியாது."

"ரிக்கற்றிலை இருக்கு அம்மா. இப்ப மாத்தினால் இவையள் கேள்வி கேப்பினம். இன்னும் விசாக்காரரிட்டைப் போகேல்லை."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தார். குடிவரவு அதிகாரி அம்மாவின் காலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான்தான் கேட்காமலே என் வசனத்தைச் சொன்னேன். அவர் முத்திரை குத்தி, போங்கள் என்று கையைக் காட்டினார். பெட்டிகளை எடுத்தோம். நான் முன்னால் நடந்தேன். தம்பி என் கையைப் பிடித்தபடி, அம்மா பின்னால் நாற்காலியில். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.

அப்பாவை நான் உடனே கண்டுபிடித்தேன். கையில் மூன்று குளிர்ச்சட்டைகளோடு முன்வரிசையில் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார். குளிர்ச்சட்டைகள் கையிலிருந்து வழுகிக் கீழே விழுந்தன. எங்களைக் கடந்து போய், அம்மாவுக்கு முன்னால், அத்தனை சனத்துக்கு நடுவில் முழங்காலில் விழுந்தார். சேலைக் கரையை விலக்கி அம்மாவின் கால்களை இரண்டு கையாலும் பிடித்தார். வீங்கிய தோலில் அவருடைய விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது.

"ரெண்டும் உம்மடை காலோ?" என்று கேட்டார்.

தம்பி சிரித்துவிட்டான். "பின்னை ஆற்றை காலாம்?" என்றான் என்னிடம். எனக்கும் சிரிப்பு வந்தது. இது என்ன கேள்வி?

"ஒண்டுமில்லையப்பா. எனக்கு ஒண்டுமில்லை. ஊரிலை நிக்கிற என்ரை தம்பியின்ரை விசர் வேலை" என்று அம்மா அழுதுகொண்டே எழும்பினார். வெறுமனே நிற்பது போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு முன்னால் நாலு எட்டு நடந்துபோய், திரும்பி வந்தார்.

யுத்தம் முடிந்த நாளிலிருந்து அம்மா தொலைபேசியில் "எனக்கு ஒண்டுமில்லை" என்ற அதே வார்த்தைகளைத்தான் சொல்லிவந்தார். படம் வரும் தொலைபேசி வந்தபிறகும் அதில் முகத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து அந்த வார்த்தைகளைச் சொன்ன எத்தனையோ பேர் அப்பாவின் நண்பர்களின் வீடுகளுக்குக் கை இல்லாமலும் கால் இல்லாமலும் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த நாற்காலியைக் கண்டபோது அவருக்கு ஆச்சரியமே வரவில்லை, இத்தனை வருடமும் தான் பயந்தது சரிதான் என்றுதான் நினைத்தாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு இருபது வயது கடந்திருந்தது.

அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. இரண்டு விமானங்களில் ஒருவரையும் தொலைக்காமல் கொண்டுவந்து சேர்த்த எனக்கு ஒரு வார்த்தை பாராட்டுக் கிடைக்கும் என்று நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. நிலத்தில் இருந்தபடியே, "இன்னொருக்கா நடந்து காட்டும்" என்றார். அம்மா நடந்தார். "இன்னொருக்கா" என்றார். அம்மா மறுபடியும் நடந்தார். எனக்குக் குளிர்ந்தது. தம்பி பசிக்குது என்றான். கண்ணுக்கு முன்னால் நன்றாக நடக்கிற ஒருவரை இந்த மனிதர் எத்தனை தரம் பார்த்தால் நம்புவார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.