காதர் பீவியும் பயந்த சமையல்காரனும்

பேகம்பூரில் ஆட்டுத்தோல் வியாபாரம் செய்யும் ஜெகபர் அலிக்கு ஒரே ஒரு கிறுக்குதான்: பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ச் சிரிப்புப் படங்கள். கலர்ப் பேய்களை அவர் மதிப்பதே இல்லை. "இதுக வந்ததும் கழுத்தைப் பிடிக்குதுக. அந்தக் காலத்துப் பேய் கதவைத் தட்டி, கொலுசைக் குலுக்கி, சமையக்காரன் மயங்கி விழ நேரம் குடுத்துட்டுல்ல வரும்!" என்பார். அய்யலூர் சந்தையிலிருந்து வந்து குளித்துவிட்டுச் செல்போனோடு உட்கார்ந்தால் மனிதர் அசையமாட்டார். மனைவி காதர் பீவி முப்பது வருஷத்தில் ஒரு படம்கூட எட்டிப் பார்த்ததில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் பீவிக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மருந்தோடு பயிற்சியும் செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். புருவத்தைத் தூக்க வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவிக்க வேண்டும். ஆனால் கண்ணாடியில் தன் கோணல் வாயைப் பார்த்த பீவி, அன்றே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். வீட்டுக்குள்ளும் முக்காட்டு முனையால் வாயை மறைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மகள் ஷாஹினாவுக்கு நிக்காஹ்.

"சம்பந்தியம்மா முன்னால இந்த மூஞ்சியோட என்னால நிக்க ஏலாது. நான் பின்னாலயே இருந்துக்கிறேன்" என்றார் பீவி.

மகள் கல்யாணத்தில் தாய் ஒளிந்திருப்பதா? அலிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் படத்தில் சமையல்காரன் பேயைப் பார்த்தான். புருவம் நெற்றிக்கு ஏறியது, கன்னம் உப்பியது, தைரியத்துக்கு விசிலடித்தால் வெறும் காற்று வந்தது. அலி துள்ளி எழுந்தார். டாக்டர் சொன்ன பயிற்சி அத்தனையும் இவன் செய்கிறானே!

"பீவி, செத்த நேரம் வா. கண்ணாடி வேணாம், இவன் மூஞ்சியப் பாத்துச் செய்யி."

"உங்களுக்கென்ன, புத்தி கெட்டுப்போச்சா?"

"அது எப்பவோ கெட்டுப்போச்சு. வா, நானும் செய்றேன்."

ஐம்பத்தெட்டு வயது ஆள் கன்னத்தை உப்பிக் கண்ணை உருட்டினார். முதல் நாள் பீவி முறைத்தார். மறுவாரம் புருவத்தைத் தூக்கினார். பிறகு, "அந்தச் சமையக்காரனப் போடுங்க" என்று அவரே கேட்கத் தொடங்கினார். முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. சிரித்தால் மட்டும் உதடு கொஞ்சம் கோணும். அதனால் அவர் சிரிப்பதில்லை.

நிக்காஹ் அன்று சொன்னபடியே மண்டபத்தின் பின்னால், பிரியாணி அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டார். அலி கெஞ்சிக்கொண்டிருந்தபோது பிரியாணி வெந்த பெரிய தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். கிளம்பிய ஆவிக்குள்ளிருந்து, தலையோடு போர்த்திய வெள்ளைத் துப்பட்டியோடு ஓர் உருவம் மெல்ல மெல்ல வந்தது. சம்பந்தியைத் தேடி வந்த சம்பந்தியம்மா!

பீவியின் புருவம் இரண்டும் சேர்ந்தே ஏறின. அலியைப் பார்த்தார். அலி அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முக்காடு நழுவியது. விஷயம் புரியாமலே சம்பந்தியம்மாவும் சேர்ந்து சிரித்து, கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்.

அங்கேயும் சிரிப்பு நின்றபாடில்லை. போட்டோ எடுக்க வந்த தேவதர்ஷினி, "அம்மா, செத்த வாய மூடிக்கிட்டுச் சிரிங்களேன்" என்றாள்.

"இம்புட்டு நாளும் மூடித்தான் வச்சிருந்தேன் தாயி. நீ எடு."