விளக்குக்கு முன்னால் கழற்றிய செருப்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள் நான். தயாராகி வரும் ஷூவை வளைத்துப் பார்த்து, தையல் பிரிந்திருந்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. தினமும் தோல் வாசனையோடுதான் வீடு திரும்புவேன். ஆனால் ஒரு செருப்பைக்கூட வாசல்படி தாண்ட விட்டதில்லை. அப்படிப்பட்ட என்னிடம் வந்து பிசியோதெரபிப் பெண், "வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டுக்கிட்டே நடங்கம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கோபப்படும் நிலையில் நான் இல்லை. போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத் தெரியாமல், பால்காரர் கதவைத் தட்டும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்தேன். ராணிப்பேட்டையில் இருக்கும் என் மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ விழுந்தா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது." அவள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் இது நானும் அவரும் கட்டிய வீடு. அவர் போன பிறகும் இங்கேதான் எனக்குத் தூக்கம் வருகிறது. இதை விட்டுப் போக எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

அதனால் சொன்னதெல்லாம் செய்தேன். சோறு வேகும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்துக் கூடத்தில் நடந்தேன். விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்றும் அந்தப் பெண் பழக்கினாள். பின்பக்கம் வார் வைத்த, ரப்பர் அடி போட்ட தோல் செருப்பு ஒன்றும் வாங்கினேன். "நாற்காலியில உக்காந்துதான் போடணும், உக்காந்துதான் கழட்டணும்" என்று அவள் வரும்போதெல்லாம் சொல்வாள். விளக்கேற்றும்போது மட்டும் நான் அதைக் கழற்றிவிடுவேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. தோல் செருப்போடு சாமிக்கு முன்னால் எப்படி நிற்பது?

அன்று வெள்ளிக்கிழமை. தரையைத் துடைத்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். நாற்காலியெல்லாம் கூடத்தில் இருந்தது. அதுவரை யார் போவது என்று சுவரில் கை வைத்து, நின்றபடியே வலது செருப்பைக் கழற்றினேன். வந்துவிட்டது. அந்த வெறுங்காலில் நின்றுகொண்டு இடது வாரை விரலால் இழுத்தேன். ஈரமான டைல்ஸில் வலது கால் நழுவியது.

விழுந்ததும் வலி தெரியவில்லை. மகள் முகம்தான் தெரிந்தது. கூடத்தில் போன் அடித்தது. வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அவள் கூப்பிடும் நேரம் அது. நான் எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவாள். அதற்கும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடுவாள். அந்தம்மாவிடம் என் வீட்டுச் சாவி இருக்கிறது. தரையில் கிடக்கும் என்னை அந்தம்மா பார்த்துவிட்டால் இந்த வீடு எனக்கு இல்லை.

உடனே எழப் பார்த்தேன். உடனே எழக் கூடாது என்று பழக்கியது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. பாதத்தை அசைத்தேன். இடுப்பை அசைத்தேன். உடையவில்லை. முழங்கை மட்டும் எரிந்தது. ஒருக்களித்து, கையை ஊன்றி, நாலு காலில் நின்றேன். தவழப் போனால் முழங்காலுக்கடியில் நைட்டி மாட்டிக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அதைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். சாமி படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கூடத்துக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி. அதைப் பிடித்து அழுத்தினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. மர நாற்காலி கூடத்தின் அந்தக் கோடியில். தவழ்ந்தேன். போன் நின்றது. மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. மர நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி, செருப்பு மாட்டியிருந்த இடது பாதத்தை முன்னால் பதித்தபோது வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பூட்டில் சாவி திரும்பியது. மூச்சை இழுத்துப் பிடித்து உந்தி, திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, போன் எடுக்கல? பொண்ணு பேஜாராயிட்டா" என்று பக்கத்து வீட்டம்மா உள்ளே வந்தாள். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால், தரையெல்லாம் தீக்குச்சி. பார்த்ததும் தன் போனை என் காதில் வைத்தாள்.

"அம்மா?" என்றாள் மகள்.

குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் குரலைக் கேட்டதும் முடியவில்லை.

"விழுந்துட்டேன்டி. நானே எழுந்துட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மதியத்துக்குள் வந்துவிட்டாள். என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெரிய பையை இறக்கினாள். "துணிய எடுத்து வை" என்றாள்.

நான் வாதாடவில்லை. நடுக்கூடத்தில் தரையில் படுத்தேன்.

"இன்னாம்மா பண்ற?"

"தொடாத. பாரு."

காலையில் இருந்ததைவிட இப்போது பயம் ஜாஸ்தி. இது முடியாவிட்டால், இங்கேயே இருக்கிறேன் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஒருக்களித்தேன். முழங்கை எரிய எரியத் தவழ்ந்தேன். அவள் கை ரெண்டு முறை என்னிடம் நீண்டு திரும்பிப் போனது. நாற்காலியை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ தெரிஞ்சவ எப்படி விழுந்த?"

சொன்னேன். ஏற்றாத விளக்கையும் அதன் முன்னால் கிடந்த வலது செருப்பையும் அவள் பார்த்தாள். அதை எடுத்து வந்து, கீழே உட்கார்ந்து என் காலில் மாட்டி வாரை இழுத்துவிட்டாள்.

"போய் விளக்கேத்து."

"செருப்போடயா?"

"செருப்போடதான். சாமி எதுனா சொன்னா என்னாண்ட அனுப்பு."

நின்றேன். முதல் குச்சி அணைந்தது. அடுத்தது பற்றியது. விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்டூலில் ஏறி, பையைத் திரும்பப் பரணுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாத்து இறங்குடி, விழுந்துடப் போற" என்றேன்.