இரண்டு மணிச் சங்கும் ஒரு சாக்லேட் பையும்

மகள் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது. காரணம் என் வாய்தான். சென்னையில் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்றவளிடம், சொந்தக்காரர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, "ரொட்டி சுடறதுக்கு ஒரு காலேஜா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு போனில் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு.

அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. காலையில் மனைவி சொன்னாள்: "மத்தியானம் வராளாம். மிச்ச துணிமணிய எடுத்துகினு அஞ்சு மணி வண்டிக்கே போயிடுவாளாம்."

மிச்சத் துணிமணியா? மொத்தமாகக் காலி செய்துகொண்டு போகிறாளா? கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்கும் நடந்தேன்.

"இன்னாத்துக்கு இப்டி நடந்துகினே கீற? உக்காரு," என்றாள் மனைவி.

உட்கார முடியவில்லை. மகளின் அலமாரியில் அவள் சமையல் நோட்டு இருந்தது. 'சாக்லேட் சிப்ஸ் பை' என்ற இனிப்புப் பண்டத்தின் பக்கத்தில்தான் வெண்ணெய்க் கறை அதிகம். மைதாவைப் பிசைந்து தட்டில் கிண்ணம் போல அழுத்தி, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சிப்ஸ் என்கிற சாக்லேட் துணுக்குகள் கலந்து ஊற்றி ஓவனில் நூற்றெழுபத்தைந்து டிகிரியில் வேகவைக்க வேண்டும். இவ்வளவுதானே? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பைப் பதப்படுத்தும் உலையில் இருபது வருடமாக நிற்கிறேன். ஆயிரம் டிகிரியைப் பார்த்தவனுக்கு நூற்றெழுபத்தைந்து எம்மாத்திரம்?

வண்டியை எடுத்துக்கொண்டு புதுவாயல் போய் சிப்ஸ் வாங்கி வந்தேன். வருகிற வழியில் பதற்றத்தில் பாதிப் பாக்கெட்டைத் தின்றுவிட்டு, திரும்பிப் போய் இன்னொன்று வாங்கினேன்.

ஓவனில் நேரம் வைக்கும் குமிழ் எப்போதோ உடைந்திருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எங்கள் தெருவில் குழம்பை இறக்குவதும் குழந்தையை எழுப்புவதும் ஆலைச் சங்கைக் கேட்டுத்தான். ஒன்று பத்துக்கு உள்ளே வைத்தேன். இரண்டு மணி ஷிப்ட் சங்குக்கு எடுத்தால் ஐம்பது நிமிடம், நோட்டில் போட்டிருந்தபடியே.

பிறகு போனும் கையுமாக வாசலில் நின்றேன். ரயில் எங்கே வருகிறது என்று பார்ப்பேன், அவளுக்கு ஏதாவது எழுதுவேன், அழிப்பேன். சங்கு ஊதியது. ஓடிப்போய் எடுத்தேன். மேலே பொன்னிறமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் சமையலைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சங்கு, இந்த முறை ஒரே இழுப்பாக. அப்போதுதான் உறைத்தது. முதலில் விட்டு விட்டு ஊதியது தீயணைப்பு ஒத்திகைச் சங்கு. ஒத்திகை அறிவிப்பில் முந்தாநாள் கையெழுத்துப் போட்டதே நான்தான். தட்டை லேசாக அசைத்தேன். நடுவில் வேகாமல் தளும்பியது.

வாசலில் செருப்புச் சத்தம். தோளில் காலி பேக்கோடு மகள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள்.

"இன்னாப்பா, ஒத்திகைச் சங்குக்கு எடுத்துட்டியா? ஸ்டேஷன்லயே கேட்டுச்சு."

தலையாட்டினேன். அவள் கை கழுவிக்கொண்டு வந்து, ஓரம் கருகாமல் அலுமினியக் காகிதம் சுற்றி, தட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலையில் சரக்கு ஏற்றும்போது எனக்கு இருக்கும் அதே கவனம். இதையா நான் கேலி பேசினேன் என்று வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு நான் அப்டி பேசியிருக்கக் கூடாதும்மா," என்றேன்.

அவள் நோட்டைப் புரட்டி, பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். "இத்த படிக்கலையா நீ? எடுத்ததும் வெட்டக் கூடாது. நல்லா ஆறணும். நாலு மணி நேரம்."

"அஞ்சு மணி வண்டி?" கேட்ட பிறகு, ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பேக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "காலையில போய்க்கிறேன். அதுவரைக்கும் அத்த நீ தொடாம இரு, போதும்."