மேட்டில் இருக்கும் சொந்தங்கள்

என் கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும், அவருடைய பழைய புல்லட்டை இனி உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூதப்பாண்டியில் இருக்கும் அவருடைய அக்கா, அதாவது என் மைனி, "வித்துரு மக்கா, காலா வண்டியா முக்கியம்?" என்று கேட்டார். வண்டியை விற்க இவருக்கு மனமில்லை. அதற்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் வைத்தார். "ஒத்த விரல் போரும்க்கா" என்று போனில் ஒரே பெருமை. கையோடு கிக்கரையும் கழற்றி, இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் கூட்டுக்கார நண்பருக்குத் தானம் செய்துவிட்டார்.

அந்த ஒற்றை விரல் கொஞ்ச நாள் வேலை செய்தது. பிறகு பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் கிர்ரென்று தனியாகச் சுற்றும், எஞ்சின் அசையாது. மெக்கானிக் முதலில் பேட்டரியைக் குறை சொன்னார், அப்புறம் வயரை, அப்புறம் உள்ளே வழுக்குகிற கிளட்சை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, "வண்டி பழசு, செல்ஃப் புதுசு. ரெண்டும் பழகணும்லா" என்றார். கல்யாணமான புதிதில் என் மாமியாரும் இதைத்தான் சொன்னார். நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திற்பரப்பில் எங்கள் வீடு மேட்டில் இருப்பதால், வண்டியை இறக்கத்தில் உருட்டி கியரில் விட்டால் கிளம்பிவிடும். ஆனால் போகிற இடத்திலும் இறக்கம் வேண்டுமே. பேச்சிப்பாறையில் மேட்டில் குடியிருக்கும் தூரத்துச் சித்தப்பா மேல் இவருக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. வாரம் தவறாமல் போனோம். சொத்தில் பங்கு கேட்க வருகிறோமோ என்று சித்தப்பா பயந்திருப்பார். பூதப்பாண்டியோ சுற்றிலும் வயல். தெருவில் இலை போட்டுச் சோறு விளம்பலாம், அவ்வளவு சமம். மைனி வீட்டுக்குப் போகவே இல்லை. பஸ்ஸில் போகலாமே என்றால், புல்லட்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினால் மானம் போய்விடுமாம். விஷயத்தை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று எனக்கும் தடை.

ஒரு நாள் மைனி எனக்குப் போன் செய்தார். "பேச்சிப்பாறைக்கு வாரா வாரம் போறிய. இஞ்ச வர வழி தெரியாதா? அவனுக்கு எங்கிட்ட என்னட்டி கோவம்? வண்டிய விக்கச் சொன்னதுக்கா?" குரல் உடைந்துவிட்டது. எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பின்னாலேயே புல்லட் வந்து நின்றது. ஏறிக்கொண்டேன்.

மைனி வீட்டு வாசலில் இவர் எஞ்சினை ஓடவிட்டபடியே உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மைனியின் முகம் சுருங்கியது. "வந்த உடனே ஓடதுக்காலே வண்டிய அணைக்காம விட்டிருக்க?" என்று வெளியே போய், சாவியைத் திருகிக் கையோடு எடுத்து வந்துவிட்டார். என் கணவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! இனி அடக்குவதில் அர்த்தமில்லை என்று நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் முழங்கால்காரர் ராஜா மாதிரி வண்டியில் உட்கார, மைனியும் நானும் தள்ளினோம். தெருமுனையில் எஞ்சின் பிடித்தது. தள்ளி எழுப்பிய எஞ்சின், வண்டி நின்றால் அணைந்துவிடும் என்ற பயத்தில் என்னை விட்டுவிட்டே போய்விட்டார். மைனி மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ எங்கிட்ட கோவம் ஒண்ணும் இல்லியாட்டி?" என்று கேட்டார்.

"இல்ல மைனி" என்றேன்.

அதற்குள் ஊரைச் சுற்றிவந்த புல்லட் எங்களைக் கடந்தது. "ஏட்டி, ஓடி வந்து ஏறு!" என்று கத்திக்கொண்டே போனார். மைனி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவன் சுத்தட்டும். நீ இன்னைக்கு ராத்திரி இஞ்ச கெட."